எங்கன்னு கேக்கக்கூடாது

தூரமா போறியாம்மா? எங்கன்னு கேக்கல, தூரமான்னுதான் கேக்குறேன். எங்க பக்கம் அப்படித்தான் கேப்போம். வேலூருதானா? அப்ப சரி, பேச்சுத் தொணைக்கு ஆச்சு. கொஞ்சம் சன்னலாண்ட நவுந்துக்கோ. இந்தப் பைய மடியிலதான் வெச்சிக்கணும், கீழ வெக்க மாட்டேன். பொன்னும் இல்ல பூவும் இல்ல, ஒரே ஒரு காயிதம். அதுக்குத்தான் கொழந்தைய அணைச்சிக்கிற மாதிரி அணைச்சிக்கினு வர்றேன்.

தோ பாரு, முன்னாடி நாலாவது சீட்டு, பச்சப் பொடவ. அதான் என் மருமவ, சசிரேகா. ஒரே ஊட்லேர்ந்து கெளம்பி, ஒரே எடத்துக்குத்தான் போறோம். ஆனா அவ அங்க, நான் இங்க. சண்டையான்னா சண்ட இல்ல, பேச்சு இல்ல, அவ்ளோதான். சோறு போடுவா, மாத்திர எடுத்துக் குடுப்பா, அத்தேன்னு மட்டும் வாயத் தொறக்க மாட்டா. நான் எதுக்குக் கூட வர்றேன்னு அவளுக்குத் தெரியாது. கலெக்டர் ஆபீசுல கூட்டமா இருக்குமே, தொணைக்கு வர்றேன்னு சொல்லிக் கெளம்பிட்டேன்.

இன்னிக்குத் திங்கக்கெழமையாச்சே, மனு நாளு. இது அவளுக்கு ஆறாவது மனு. ஆபீசு கேட்டாண்ட போலீசு பைய வாங்கி மோந்து பாப்பாங்க, கொளுத்திக்க மண்ணெண்ண கீதான்னு. போன வாரம் இவ பைய அப்படி மோந்தாங்களாம். வந்து சொல்லி அழுதா. எங்கிட்ட சொல்லல, பக்கத்து ஊட்டு ஜமுனாகிட்ட சொன்னா. நான் செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னுகினு கேட்டேன்.

மனுவுல இன்னா எழுதிக்கீறான்னு கேளு. ஒரே கேள்விதான். என் புருசன் எந்த நாட்டுல கீறாரு, யாரு கேட்டு அனுப்புனாங்க, உயிரோட கீறாரா. ஒண்ணுன்னு சொல்லிட்டு மூணு சொல்றேன் பாரு. எல்லாம் ஒண்ணுதானம்மா.

என் புள்ள பேரு யுவராஜி. மிலிட்டிரி. எங்க ஊருல ஊட்டுக்கு ஒரு மிலிட்டிரி, குடியாத்தம் பக்கம் வந்து கேட்டுப் பாரு. எங்க ஊட்டுக்காரரும் மிலிட்டிரிதான். அவரு சிலோனுக்குப் போனாரு, அந்தக் காலத்துல. அது ரேடியோவுல வந்துச்சு, பேப்பர்ல வந்துச்சு, டீக்கடையில சண்டையே போட்டுக்கினாங்க, போனது சரியா தப்பான்னு. எங்க கீறாருன்னு ஊருக்கே தெரியும். நல்லபடியா வந்துட்டாரு, அப்பால சக்கர வியாதியில ஊட்லயே போயிட்டாரு. அது வேற கத.

இப்ப அப்படி இல்ல. இப்ப இன்னா சொன்னாங்க? மொதல்ல டிவியில மந்திரி வந்து, நம்ம ஆளுங்க வெளிய எங்கியும் போவலன்னாரு. அப்பால, கொஞ்சம் பேரு போயிக்கீறாங்க, உதவிக்குன்னாரு. பார்லிமெண்டுல எழுந்து கேட்டாங்களாம், எத்தினி பேரு, எந்த எடம், எத்தினி நாளுன்னு. சொல்றது நாட்டுக்கு நல்லதில்லன்னு ஒக்காந்துட்டாராம். நாட்டுக்குத்தானே நல்லதில்ல, எனக்குச் சொல்லலாமில்ல? காதுல சொன்னாக்கூடப் போதும். நான் யாருகிட்ட போய்ச் சொல்லப் போறேன், ஆட்டுக்குட்டிகிட்டயா?

ஐயோ, பாத்தியா, நானே பேசுறேன். நான் இப்படியெல்லாம் பேசறவ இல்ல. சசிதான் பேசுவா. கெவுருமெண்டப் போய் நம்ம எதுத்துக் கேக்கலாமா? நம்ம புள்ள அவங்க கையில கீறான். அவங்க கையில கொழந்தையக் குடுத்துட்டு அவங்களையே வையலாமா? அதச் சொன்னா இவளுக்கு ஏறல.

இதுக்கெல்லாம் ஆரம்பம் எது தெரியுமா? இவளோட வாயிதான். மெய்யாலும் சொல்றேன்.

பொங்கலு முடிஞ்சு ஏழாம் நாளு. லீவு இன்னும் இருவத்திரெண்டு நாளு கெடக்குது, கூப்ட்டுட்டாங்க. காலைல பத்தேகால் பஸ்சு. பச்சப் பைய தோள்ல மாட்டிக்கினு வாசப்படியில ஒரு கால் வெச்சிட்டான். இவ பாப்பாவ இடுப்புல வெச்சிக்கினு நின்னா. எப்பவும் பேசாம நிப்பா, அன்னிக்குன்னு பாத்து, "எங்க போறீங்க? இந்தத் தடவ எங்கன்னு சொல்லிட்டுப் போங்க"ன்னு கேட்டுட்டா.

கெளம்புறவன எங்கன்னு கேப்பாங்களா? நீயே சொல்லு. ஒங்க ஊட்ல கேப்பாங்களா? சாதாரணமா சந்தைக்குப் போறவனையே கேக்க மாட்டோம். போன காரியம் கெட்டுடும். இவன் போறது துப்பாக்கி புடிக்க.

அவன் நின்னுட்டான். பைய எறக்கி வெச்சான். இவ மூஞ்சியப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான். வாயத் தொறந்தான். அவன் சொல்ல வந்தான்மா, அது எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா. நான் ஓடிப்போயி இவ வாயப் பொத்திட்டேன். அறிவு கீதாடி ஒனக்குன்னு கத்துனேன். அவனை உள்ள இட்டுகினு போயி, ஒக்கார வெச்சு, தண்ணி குடுத்து, துன்னூறு வெச்சு, மறுபடியும் மொதல்லேர்ந்து கெளம்ப வெச்சேன். வாசல்ல நின்னு மொறையா கேட்டேன், "தூரமா கண்ணு?"ன்னு. "கொஞ்சம் தூரந்தாம்மா"ன்னான். போயிட்டான். தெருமொனை திரும்பற வரைக்கும் இவளையேதான் திரும்பித் திரும்பிப் பாத்துகினு போனான். என்னப் பாக்கல.

அதத்தான் இவ இன்னும் மன்னிக்கல. நான் பண்ணது தப்பா? நல்லதுக்குத்தானே பண்ணேன்.

பாப்பாவுக்கு நாலு வயசு. பால்வாடியில டீச்சரு கேட்டுச்சாம், ஒங்கப்பா எங்க கீறாருன்னு. "தூரத்துல"ன்னு சொல்லிச்சாம். தூரம்ங்கறது ஒரு ஊரு பேருன்னு நெனச்சிக்கினு கீது அது. நம்ம எப்ப தூரத்துக்குப் போவோம் ஆயான்னு என்னக் கேக்குது. அப்படிக் கேக்காத கண்ணுன்னு கட்டிப் புடிச்சிக்கினேன்.

மாசியிலதான் டிவியில காட்டுனாங்க. மணலா ஒரு எடம். ஒரு லாரி எரிஞ்சு கெடக்குது. வெளிநாட்டுக்காரன் எடுத்த படமாம். அதுல நம்ம ஆளுங்க இருந்தாங்கன்னு ஒரு டிவி. நாலு பேருன்னு ஒண்ணு, பதினோரு பேருன்னு ஒண்ணு, யாருமே இல்லன்னு கெவுருமெண்டு. எங்க ஊருல அன்னிக்கு ஒரு ஊட்லயும் ஒல வெக்கல. எந்தப் புள்ள எங்க போயிக்கீதுன்னு யாருக்குமே தெரியாதே. அஸ்ஸாம்ல கீறவனோட அம்மாளும் அழுவுறா, காஷ்மீர்ல கீறவனோட அம்மாளும் அழுவுறா. ஒரு வார்த்த இன்ன எடம்னு சொல்லியிருந்தா பாதி ஊடாவது நிம்மதியா சோறு ஆக்கியிருக்கும்.

சசி அன்னிக்குப் புடிச்சவதான், இன்னும் உடல. ஷூ கம்பெனியில தைக்கிற வேல அவளுக்கு. அரை நாளு லீவு போட்டுட்டு அலையுறா. யூனிட்டுக்கு எழுதுனா. "பணியில் உள்ளார், வேறு விவரம் தெரிவிக்க இயலாது"ன்னு ரெண்டு வரி வந்துச்சு. கீழ கையெழுத்துக் கூட இல்ல, சீலுதான். தகவல் சட்டம்னு ஒண்ணு கீதாமே, அதுல போட்டா. அதே ரெண்டு வரி, வேற சீலு. எம்.பி. ஆபீசுக்குப் போனா, காப்பி குடுத்து அனுப்புனாங்க. இவ இருந்து இருந்து, "ஓட்டுக் கேக்க வர்றப்ப மட்டும் எங்க ஊடு எங்கன்னு தெரிஞ்சிச்சா"ன்னு கேட்டுட்டு வந்துட்டாளாம். இப்படியாம்மா பேசுவாங்க?

அப்பாலதான் ஒரு போலீசு ஆளு வந்தாரு. மப்டியில. சட்டைய உள்ள உட்டுகினு, சாந்தமா. திண்ணையில ஒக்காந்து மோரு கூட வாங்கிக் குடிச்சாரு. மருமவளுக்கு யாருனா எழுதிக் குடுக்குறாங்களா, எந்தக் கட்சி, போன்ல யாருகிட்ட பேசுறாங்க, உங்க புள்ள கடைசியா எப்ப பேசுனாருன்னு கேட்டாரு. அதட்டவே இல்ல. அதட்டியிருந்தாக்கூட இவ்ளோ பயம் இருந்திருக்காது. போறப்ப, "பாத்துக்கோங்கம்மா"ன்னாரு. எதப் பாத்துக்கறது? அன்னிலேர்ந்து நாய் கொலச்சாக்கூட எழுந்து போயி கதவத் தாப்பா போட்டுடறேன்.

சுபேதாரண்ணன்கிட்ட ஓடுனேன். தெய்வசிகாமணின்னு பேரு, எங்க ஊரு முன்னாள் ராணுவத்தாரு சங்கத்துக்குத் தலைவரு. தங்கமான மனுசன். ஊட்டுக்காரரோட ஒண்ணா இருந்தவரு. அவருதான் சொன்னாரு: "நவநீதம், இந்தப் பொண்ணு கேக்க கேக்க அவனுக்குத்தான் கெடுதி. நீ தாயி. நீ ஒரு கடிதாசு குடுத்துடு, எங்களுக்கு ஒண்ணும் கொறையில்லன்னு. மனு தானா மூடிப்பூடும்." வாசகத்தைக் கூட அவரே டைப் அடிச்சுக் கொண்டாந்தாரு. மாடலு மேலேர்ந்து வந்துச்சாம். படிச்சுக் காட்டுனாரு, நான் கையெழுத்துப் போட்டேன். அதான் இந்தப் பையில கீறது. இவ மனு குடுத்துட்டு இந்தாண்ட வந்ததும், நான் அந்தாண்ட போயி இதக் குடுத்துடணும். அவ்ளோதான் வேல. நல்ல காரியந்தானே?

ஏன் அப்படிப் பாக்குற?

சரி. நீ வேத்தாளு, வேலூரு வந்தா எறங்கிப் போயிடுவ. ஒங்கிட்ட சொல்றேன். இத யாருகிட்டயும் சொல்லல, சுபேதாரண்ணன்கிட்டயும் சொல்லல, அந்த மப்டிக்காரருகிட்டயும் சொல்லல. அவன் போன் பண்ணான்.

ஆமா, என் புள்ள. லாரி எரிஞ்சதுக்கு மூணு நாளு முன்ன. மத்தியானம், நான் மொளகா காய வெச்சிக்கினு இருந்தேன். சசி கம்பெனிக்குப் போயிருந்தா. நம்பரு நீட்டமா வந்துச்சு, லோன் குடுக்குறவன்னு நெனச்சுத்தான் எடுத்தேன். "எம்மா"ன்னான். காத்து அடிக்கிற சத்தம் பின்னாடி. நல்லா கீறியான்னான். சாப்ட்டியாடான்னேன். சசி கீறாளான்னான். இல்லடான்னேன். அப்பால, "எம்மா, நல்லாக் கேட்டுக்க. நான் இப்ப கீற எடம்..."னு ஆரம்பிச்சான்.

"சொல்லாதப்பா!"ன்னு கத்துனேன். "போன்ல சொல்லாத! எவனாவது ஒட்டுக் கேப்பான்! ஒனக்கு எதுனா ஆயிடும்!" எங்க ஊட்டுக்காரரு எனக்குப் பழக்கி வெச்சது அப்படி. எடம் கேக்காத, எடம் சொல்லாதன்னு. முப்பது வருசம் அப்படித்தான் குடும்பம் பண்ணேன்.

"சரிம்மா"ன்னான். "பாப்பா..."ன்னு எதோ சொன்னான், கட்டாயிடுச்சு. அவ்ளோதான். சசி வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன். சொன்னா, எங்கேர்ந்து பேசுனாருன்னு கேப்பா. நான் இன்னா பதில் சொல்லுவேன்? நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்பால லாரி எரிஞ்சுது. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? அவ ஆறு மனுவுலயும் எழுதிக்கீறா, ஊட்ட உட்டுப் போனதுலேர்ந்து ஒரு தகவலும் இல்லன்னு. ஒவ்வொரு வாட்டியும் சத்தமாப் படிச்சுப் பாப்பா. நான் அடுப்புகிட்ட நின்னுகினு கேட்டுகினு இருப்பேன்.

பயமா கீதும்மா. ஒடம்பெல்லாம் பயமா கீது. அவளப் பாத்தாப் பயம், போலீசப் பாத்தாப் பயம், போன் அடிச்சாப் பயம், அடிக்கலன்னாப் பயம்.

நீ படிச்ச புள்ளதானே? இந்தக் காயிதத்த ஒரு தடவ படிச்சுச் சொல்லேன். நான் மூணாங்கிளாசு, கையெழுத்து வரும், இந்தக் கெவுருமெண்டுத் தமிழு எனக்கு ஓடாது. சுபேதாரண்ணன் வேகமா படிச்சாரு. மெதுவாப் படி, அவ காதுல உழுந்துடப் போவுது.

ம்... ம்... அது ஊரு பேரு, சரி... ம்... இன்னா? மறுபடி படி. "எனது மகன் பணியாற்றும் இடம் குறித்தும், அவரது நிலை குறித்தும், எங்கள் குடும்பத்தாருக்கு முறைப்படி முழுமையாகத் தெரிவிக்கப்பட்டுவிட்டது."

அப்படின்னா? தெரிவிச்சுட்டாங்கன்னா எழுதிக்கீது? எங்களுக்கா? யாரு தெரிவிச்சாங்க? இல்லம்மா, அண்ணன் கொறை ஒண்ணும் இல்லன்னுதான் படிச்சாரு. சரியாப் பாரு, கண்ணாடி வேணுமா? "நிலை குறித்தும்"னா இன்னா, உயிரோட கீறதா இல்ல... ஐயோ. இதுல நான் கையெழுத்துப் போட்டுட்டேனே. நாளைக்கு யாரு கேட்டாலும் இதக் காட்டுவாங்களா? அம்மாவே எழுதிக் குடுத்துட்டா, அவளுக்கு எல்லாம் தெரியும்னு? பார்லிமெண்டுல கேட்டாக்கூட?

அவன் எனக்குத் தெரிவிக்க வந்தான்மா. ரெண்டு தடவ வந்தான். நாந்தான் ரெண்டு தடவையும் அவன் வாய மூடுனேன்.

தண்ணி கீதா ஒங்கிட்ட? ம், போதும்.

இன்னா கேட்ட? அந்த நம்பரா? கீது, போன்லயேதான் கீது. எனக்கு அழிக்கத் தெரியாது. எனக்கு யாரு போன் பண்ணப் போறாங்க, அதுக்கப்புறம் வந்தது பத்தோ பன்னெண்டோதான் இருக்கும். தோ, இந்தப் பழைய பட்டன் போனுதான். நீயே பாரு, கீழ எறங்கிப் போ. தோ, அந்த நீட்டமா கீறது, முன்னாடி கூட்டல் போட்டுக்கீது பாரு.

இன்னாது? அந்த மொத மூணு நம்பருல நாடு தெரிஞ்சிடுமா? நீ ஒங்க போன்ல பாத்தாவே வந்துடுமா? ஒரு நிமிசத்துலயா?

இத்தினி நாளா என் முந்தானையில முடிஞ்சு வெச்சிக்கினு கீறேனா? அவ கலெக்டரு, எம்.பி.ன்னு செருப்பு தேய அலையுறா, நான் இதத் தலமாட்டுல வெச்சிக்கினு தூங்குறேனா?

வந்துடுச்சா? சொல்லாத! இரு, இரு, வாயத் தொறக்காத. பயத்துல சொல்லல. பயந்தான், ஆனா அதுக்குச் சொல்லல. எனக்கு மொதல்ல தெரியக் கூடாது. அவதான் வாசப்படியில நின்னு கேட்டவ. அவதான் மொதல்ல கேக்கணும். நாடு பேரு தெரிஞ்சா அவன் உயிரோட கீறான்னு அர்த்தம் இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா எந்த நாடுன்னு சொல்லிக் கேக்கலாமில்ல? இத்தினாந்தேதி இந்த நாட்டுலேர்ந்து பேசுனான், அப்பால இன்னா ஆச்சுன்னு கேட்டா, ரெண்டு வரியில பதில் போட முடியாதில்ல?

நீ அந்தப் பேர ஒரு சீட்டுல எழுதிக் குடு, மடிச்சுக் குடு. பேனாவும் குடு, மனுவுல தகவலே இல்லன்னு எழுதிக்கீறத அடிக்கணும். இந்தச் சுபேதாரு காயிதம்... வெச்சிக்கினு இன்னா பண்றது. இல்ல, கிழிக்க மாட்டேன். இதையும் அவகிட்டயே குடுக்குறேன். இப்படி எழுதி வாங்குறாங்கன்னு அவ கலெக்டரையே கேக்கட்டும். அவ கேப்பா. அவளுக்கு வாயி கீது.

கண்டக்டரு கத்துறாரு பாரு, கலெக்டர் ஆபீசுன்னு. தோ எழுந்துட்டா. இங்கதான் வர்றா. கொஞ்சம் கையப் புடி, எழுந்துக்குறேன்.

"வர்றேன் சசி. எறங்குறேன். பையில இன்னாவா? காயிதம். சொல்றேன். இல்ல, கேட்டாண்ட போயி இல்ல, இங்கயே கேளு. கண்டக்டரு கத்தட்டும். என்ன அடிச்சாலும் அடி, இந்தப் போனப் புடி மொதல்ல. அவன் பேசுனான் சசி. மாசியில, நீ கம்பெனிக்குப் போயிருந்தப்ப. எங்க கீறேன்னு சொல்ல வந்தான். நாந்தான் சொல்லாதன்னுட்டேன்."